பெயருக்குக் கீழே இரண்டு புள்ளி

சனிக்கிழமை மத்தியானம், பெங்களூர் காக்ஸ் டவுன் தேவாலயத்தின் பின்பக்கத்து அறையில் முதல் பஃப்ஸ் யாருக்குப் போகிறது என்பதை வைத்துத்தான் கேத்தரின் தன் நிலைமையைத் தெரிந்துகொண்டாள். பல வருஷமாக அது அவளுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பழைய காகிதத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், வழியில் பேக்கரியில் நின்று சூடாக வாங்கி, நேராக அவள் மேஜைக்கு வந்து, "ஆன்ட்டி, முதல்ல இதைச் சாப்டுங்க, அப்புறம் எங்க தாத்தாவைப் பார்க்கலாம்" என்பார்கள். இந்த ஜூன் மாதத்திலிருந்து பஃப்ஸ் ஜன்னலோரத்து மேஜைக்கு முதலில் போய், மிச்சம்தான் இவளிடம் வந்தது. ஆறிப்போன பஃப்ஸைத் தின்றுகொண்டே சிரித்த முகமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தின்றவர்களுக்குத்தான் தெரியும்.

கேத்தரின் தங்கவயலில் பிறந்தவள். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்து, ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றாள். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊர் சனங்களில் பாதிப்பேர் பெங்களூருக்குத்தான் பிழைக்க வந்தார்கள். வந்து, காலூன்றி, பிள்ளைகளைப் படிக்க வைத்து முடித்த பிறகு அவர்களுக்குத் திடீரென்று ஒரு ஆசை வரும்: நம்ம பாட்டன் யார், வடஆற்காட்டில் எந்த ஊரிலிருந்து சுரங்கக் குழிக்கு வேலைக்கு வந்தான்? கையில் இருப்பது ஒரு ஞானஸ்நானச் சீட்டு, இல்லாவிட்டால் கல்யாணப் பதிவின் நகல். எல்லாம் நூறு வருஷத்துக் கையெழுத்து. புள்ளி வைக்காத எழுத்து, மூச்சு விடாமல் ஒட்டிக்கொண்டு ஓடுகிற வரி, தேதிக்குத் தமிழ் எண்கள். படித்த பிள்ளைகளுக்கே அது தலைகீழாகத் தெரியும். கேத்தரின் பூதக்கண்ணாடியை எடுத்து, காகிதத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்து, கடகடவென்று வாசித்துவிடுவாள். அந்த அறையில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஜன்னலோரத்து மேஜைக்காரியின் பெயர் சங்கமித்ரா. வீடு சந்தாபுராவில். பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. அவளுடைய அப்பாவும் தங்கவயல்தான், பௌத்தக் குடும்பம். பாட்டன் காலத்துச் சங்கக் குறிப்பு ஒன்றைப் படித்துச் சொல்லச் சொல்லி மே மாதம் கேத்தரினிடம் வந்தாள். வந்தவளுக்கு நாற்காலி போட்டு, டீ கொடுத்து, "ஆர்வமா இருக்கியேம்மா, சனிக்கிழமை சனிக்கிழமை வா" என்று கூப்பிட்டவளும் கேத்தரின்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

சங்கமித்ரா எழுத்தைப் பார்க்கமாட்டாள், எழுதியவரின் கையைப் பார்ப்பாள். ஒரு வரி புரியாவிட்டால் ஆள்காட்டி விரலால் மேஜைமேல் அதே மாதிரி எழுதிப் பார்ப்பாள். "இவரு பேனாவைத் தூக்கவே மாட்டேங்கறாரு ஆன்ட்டி. தூக்கினா மை சொட்டும்னு பயப்படறாரு. அதான் ரெண்டு வார்த்தை ஒண்ணா வருது" என்பாள். அடுத்த நிமிஷம் கேத்தரின் ஒரு வாரமாக மல்லுக்கட்டிய வரியைச் சாதாரணமாகப் படித்துவிடுவாள். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "ஆன்ட்டி சொல்லிக் கொடுத்ததுதான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லுவாள். கேத்தரினுக்கு அதைக் கேட்கும்போதுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். இப்படி மரியாதை செய்கிறவளை என்ன செய்வது?

வீட்டில் கணவர் பீட்டரிடம்தான் அதைக் கொட்டுவாள். பீட்டர் பேசாத மனிதர். பேசினால் அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

"அந்தப் பொண்ணு நல்லாப் படிக்குதுன்னா நல்லதுதானே கேத்தி? உனக்கு வேலை கம்மி."

"எனக்கு இன்னா வேலை கம்மி? அது இன்னா படிப்பு? விரலால கிறுக்கறது ஒரு படிப்பா?"

"வயிறு எரியுதா? ஒரு ஜெலுசில் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

ஆனால் கேத்தரினிடம் ஒரு சங்கதி இருந்தது. அது சங்கமித்ராவிடம் கிடையாது, வேறு யாரிடமும் கிடையாது. அதை நினைத்துத்தான் அவள் ஆறிய பஃப்ஸை விழுங்கினாள்.

அந்தக் காலத்தில் குழியில் ஒரு வழக்கம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்தவனுக்குக் கம்பெனி எண் போட்ட பித்தளை வில்லை ஒன்று கொடுக்கும். வில்லை இருந்தால்தான் குழிக்குள் இறங்கலாம், கம்பெனி லைன் வீடு கிடைக்கும். ஒருத்தன் வேலை பிடிக்காமல் ஓடிப்போக நினைத்தால் சும்மா ஓடமாட்டான். வில்லையை இன்னொருத்தனிடம் விற்றுவிட்டுப் போவான். வாங்கியவன் அன்றிலிருந்து கம்பெனிக்கு அந்தப் பழைய பெயர்தான். வீட்டில் அவன் முத்துவாக இருக்கலாம், பெரியநாயகமாக இருக்கலாம். குழியில், ஆஸ்பத்திரியில், செத்தால் சாவுச் சீட்டில், எல்லாவற்றிலும் பழைய வில்லைக்காரன் பெயர். இதனாலேயே குடும்ப வரலாறு தேடி வருகிறவர்கள் பாதிப்பேர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஓடிப்போனவன் காகிதத்தில் முப்பது வருஷம் வேலை செய்துகொண்டிருப்பான். உழைத்துச் செத்தவன் எதிலுமே இருக்கமாட்டான்.

மாரிக்குப்பம் பக்கத்துச் சின்னச் சபையில் அப்போது யோசேப்பு என்று ஒரு உபதேசியார் இருந்தார். பதிவேடெல்லாம் அவர் கைதான். மெய்ப்பெயரை எழுதினால் கம்பெனி அந்த ஆளை வெளியே தள்ளிவிடும். பொய்ப்பெயரை எழுதினால் கர்த்தருக்கு என்ன பதில் சொல்வது? மனிதர் பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் ஒரு வழி பண்ணினார். கம்பெனிப் பெயரையே எழுதி, அதன் கீழே சின்னதாக இரண்டு புள்ளி வைத்துவிட்டார். இது இவனுடைய சொந்தப் பெயர் அல்ல என்று அதற்கு அர்த்தம். இதை யாரும் கேத்தரினுக்குச் சொல்லித் தரவில்லை. ஞானஸ்நானப் பதிவையும் கல்யாணப் பதிவையும் வருஷக்கணக்காக ஒப்பிட்டு அவளாகவே கண்டுபிடித்தது. "இவரு வேற ஆள் பேர்ல வேலை செஞ்சவரு" என்று அவள் சொல்லும்போது வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எப்படித் தெரியும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "கையெழுத்தே சொல்லுதே" என்பாள். புள்ளியைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அந்தப் புள்ளிகளை அவள் தேடிப் போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய தாத்தா பாக்கியநாதனும் இன்னொருத்தன் பெயரில் குழிக்குள் இறங்கியவர்தான். ஒருநாள் பாறை வெடித்துச் செத்துப்போனார். அப்போது கேத்தரினின் அப்பா கைக்குழந்தை. எந்தப் பெயரில் வேலை செய்தார் என்பதைக் கைம்பெண்ணாகிப்போன பாட்டி சாகிறவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை, பெற்ற மகனிடம்கூட. சொன்னால் உதவித்தொகை நின்றுவிடும், வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் அவளோடேயே போயிற்று. கல்லறை எது என்பதையும் காட்டவில்லை. பாக்கியநாதன் என்ற பெயரில் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாருமே கிடையாது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வரும். ஊரே பூவும் மெழுகுவத்தியுமாக அவரவர் கல்லறையில் கூடியிருக்கும். கேத்தரினின் அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் இருக்கிற பொதுச் சிலுவையின் அடியில் நிற்பார். இடம் தெரியாதவர்கள் நிற்கிற இடம் அது. சுற்றிலும் பெயர் வெட்டிய கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற பிள்ளைகளைப் பார்த்து, சின்னப் பெண்ணாக இருந்தபோதே கேத்தரினுக்குப் பொறாமை வரும். பொறாமை அவளுக்கு நேற்றுப் புதிதாக வந்தது இல்லை. அப்பா கடைசிவரை அந்தச் சிலுவையடியிலேயே நின்று போய்ச் சேர்ந்தார். யோசேப்பு உபதேசியார் எழுதிய அடக்கப் பதிவேடு கிடைத்தால் தாத்தாவைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கேத்தரின் அலையாத இடம் இல்லை. மற்ற ஏடுகளெல்லாம் கிடைத்தன; பாட்டி ஊரில் நடந்த தாத்தா கல்யாணமும் அப்பா ஞானஸ்நானமும் அவற்றில் இல்லை. அது மட்டும் கிடைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை சங்கமித்ரா ஓட்டமும் நடையுமாக வந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"ஆன்ட்டி! அடக்கப் பதிவேடு கிடைச்சிடுச்சு! மாரிக்குப்பம் போதகர் வீட்டுப் பரண்ல, கிறிஸ்துமஸ் தோரணப் பெட்டிக்கு அடியில. நானே ஏறி எடுத்தேன்."

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ "சூப்பர்மா" என்றார்கள். கேத்தரின் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷம் தவம் கிடந்தது யார், பரண்மேல் ஏறியது யார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பிடித்துப்போய்ப் பெட்டியை நகர்த்திப் பார்க்கத் தனக்குத் தோன்றாமல் போயிற்றே. அத்தனை முகங்களும் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன. கேத்தரினின் வாய் அவளைக் கேட்காமல் பேசியது.

"அதை நான் எப்பவோ பார்த்தாச்சும்மா. தண்ணி பட்டு வீணாப் போனது. அதுல ஒண்ணும் இல்ல."

சங்கமித்ராவின் முகம் ஒரு நொடி சுருங்கியது. "அப்படியா ஆன்ட்டி? எனக்குத் தெரியாமப் போச்சே. பரவால்ல, நானும் ஒருதரம் பார்த்துடறேன். போதகர் வெளியே கொடுக்கமாட்டேங்கறாரு, போட்டோ புடிச்சிருக்கேன். உங்களுக்கு அனுப்பட்டுமா?"

"எனக்கெதுக்கு? நான்தான் பார்த்துட்டேன்னு சொல்றேனே."

வார்த்தையைக் கொட்டினால் அள்ள முடியாது. பார்த்துவிட்டேன் என்று சொன்னதை இனி எந்த முகத்தோடு கேட்டு வாங்குவது? தேடிய ஏடு நாலடி தூரத்தில் அந்தப் பெண்ணின் கைப்பேசிக்குள் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கேத்தரின் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குக் கேட்டுவிடலாம் என்று வீட்டிலிருந்து கிளம்புவாள். அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலோரத்தில் கூட்டம் நிற்கும். அதோடு எண்ணம் செத்துவிடும்.

செப்டம்பரில் டெஸ்மண்ட் வந்தான். பீன்யாவில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறவன், நல்ல பிள்ளை. அவனுடைய அம்மா சரளாவுக்கு எழுபத்தெட்டு வயது. அந்த அம்மாளின் தாத்தா ஆசீர்வாதம் என்பவர் குடியாத்தம் பக்கம் கல்லப்பாடியில் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டுக் குழி வேலைக்கு வந்தவர். திரும்பிப் போகவே இல்லை. எங்கே செத்தார், எங்கே புதைத்தார்கள் என்று ஒரு தகவலும் கிடையாது. கண்ணை மூடுவதற்குள் தாத்தா கல்லறையில் ஒரு பூ வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. டெஸ்மண்ட் நேராக ஜன்னலோரத்துக்குப் போனான். கேத்தரின் அவனுக்கு ஞானஸ்நானத்தில் பாடியவள், அவன் அம்மாவுக்குத் தெரிந்தவள். அப்படியிருந்தும் அங்கே போனான்.

இரண்டு வாரத்தில் சங்கமித்ரா ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு கேத்தரினிடம்தான் ஓடிவந்தாள்.

"ஆன்ட்டி, ஆசீர்வாதம், தகப்பன் பேரு சின்னப்பன், ஊரு கல்லப்பாடி. எல்லாம் அப்படியே ஒத்துப்போகுது. ஒரே ஒரு சந்தேகம். பேருக்குக் கீழ ரெண்டு புள்ளி இருக்கு பாருங்க. இன்னும் சில பேருக்கும் இப்படி இருக்கு. மை தெறிச்சதா ஆன்ட்டி?"

கேத்தரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். இரண்டு புள்ளிகளும் தெளிவாக இருந்தன. செத்தவன் ஆசீர்வாதம் இல்லை. ஆசீர்வாதம் வில்லையை விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டான், குழிக்குள் இருப்பது வேறு யாரோ. கேத்தரினுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பெரிய படிப்பாளி, எழுத்து ஒன்று விடாமல் படித்துவிட்டு ஆளைக் கோட்டை விட்டாளே! படத்தில் பெயர் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வரி அதற்குக் கீழேயே இருந்தது, விரலால் சற்று நகர்த்தினால் போதும். கேத்தரின் நகர்த்தவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று.

"மைதான்" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்றைக்கு முதல் பஃப்ஸ் வராதது அவளுக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டாள். சாப்பிடும்போது பீட்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பீட்டர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார்.

"நீ சொல்லலையா?"

"சொல்லுவேன். நவம்பர் ரெண்டாம் தேதி கல்லு வெக்கறாங்களாம். எல்லாரும் வருவாங்க. அப்ப எல்லார் முன்னாடியும் சொல்லுவேன். யாருக்குப் படிக்கத் தெரியும்னு அப்பத் தெரியட்டும்."

"கல்லுல பேரை வெட்டினதுக்கு அப்புறமா?"

"அப்புறந்தான்."

"அந்த சரளாம்மா உனக்கு இன்னா பண்ணாங்க கேத்தி?"

கேத்தரினுக்குக் கோபம் வந்தது, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு சொல்லுவதற்கு வாய்ப்பு வராமல் இல்லை. டெஸ்மண்ட் கருங்கல் பலகைக்குச் சொல்லிவிட்டேன் என்று வந்து நின்றபோது சொல்லியிருக்கலாம். சரளாம்மாவே போன் பண்ணி, "கேத்தரின், எங்க தாத்தா கெடைச்சிட்டாரும்மா" என்று தழுதழுத்தபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் வார்த்தை தொண்டை வரை வந்தது. உடனே, "சங்கமித்ரா தங்கமான பொண்ணும்மா" என்று எதிர்முனை சொல்லும். வந்த வார்த்தை திரும்பி உள்ளே போய்விடும்.

நடுவில் இன்னொரு ருசியான சங்கதியும் கிடைத்தது. அந்தப் பதிவில் ஆசீர்வாதத்துக்கு வேறு ஒரு பெண்டாட்டி பெயர் எழுதியிருக்கிறதாம். ஊரில் ஒருத்தி காத்துக்கொண்டிருக்க, மனிதர் இங்கே இரண்டாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்று டெஸ்மண்டும் சங்கமித்ராவும் முடிவு கட்டிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று டெஸ்மண்ட் கேட்டுக்கொண்டான். அது எப்படியோ பக்கத்து வீட்டு விஜி காது வரைக்கும் வந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவரோரம் நின்று விஜியும் கேத்தரினும் அதைப் பேசிப்பேசிச் சிரித்தார்கள். "எவளோ ஒரு கைகாரி, நல்லா மடக்கிப் போட்டிருக்கா" என்றாள் கேத்தரின், அவள் வில்லை வாங்கியவனுடைய மனைவிதான் என்று தெரிந்தே. அவள் யார், என்ன பெயர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி காலையில் பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷனில் எல்லாரும் மாரிக்குப்பம் ரயில் ஏறினார்கள். பீட்டர் வரவில்லை. கேத்தரின் நல்ல பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியைக் கைப்பையில் வைத்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். முதலில் "தப்பா நினைச்சுக்காதீங்க" என்று தொடங்க வேண்டும். பங்காரப்பேட்டை தாண்டி, தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மேடுகள் கண்ணில் படத் தொடங்கியபோது அவளுக்குப் பேச்சு மனப்பாடமே ஆகிவிட்டது.

சபையில் போதகர் அடக்கப் பதிவேட்டை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அதே பக்கம். சரளாம்மாவை டெஸ்மண்ட் கைத்தாங்கலாக முன்னாலேயே கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டான். மற்றவர்களும் அவர்கள் பின்னால் போனார்கள். பேசுவதற்கு முன் ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கேத்தரின் பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள். அந்த ஏட்டை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் பட்டிருக்கவில்லை.

ஆசீர்வாதம், தகப்பன் சின்னப்பன், ஊர் கல்லப்பாடி. கீழே இரண்டு புள்ளி. சுரங்கத்தில் பாறை வெடித்து மரணம். வடக்கு மதிலிலிருந்து மூன்றாவது வரிசை, கிணற்றுப் பக்கத்துக் கடைசிக் குழி.

அடுத்த வரிக்குக் கண்ணாடியை நகர்த்தினாள்.

மனைவி எப்சிபாள், ஊர் பரதராமி. கைக்குழந்தை ஆண் ஒன்று, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை.

கேத்தரின் மறுபடியும் படித்தாள். எப்சிபாள் என்ற பெயரை அவள் வாழ்நாளில் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் பரதராமிக்காரி, அவளுடைய அப்பாவைப் பெற்றவள். பக்கத்தில் வருஷம் தமிழ் எண்களில் இருந்தது. அப்பா பிறந்த வருஷம். கைக்குழந்தை ஆண் ஒன்று. எழுபது வயது வரைக்கும் பொதுச் சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் செத்துப்போன அப்பா இந்த வரியில் கைக்குழந்தையாகப் படுத்திருந்தார்.

"இந்தம்மாதான் ஆன்ட்டி" என்று தோளுக்குப் பின்னால் மெல்லிய குரல் கேட்டது. சங்கமித்ரா பூக்கூடையோடு நின்றிருந்தாள். "அந்த ரெண்டாவது சம்சாரம். சரளாம்மாவுக்கு நாங்க சொல்லல. பாவம், இந்தம்மாவும்தான் கைக்குழந்தையோட இன்னா பாடு பட்டாங்களோ."

எவளோ ஒரு கைகாரி. விஜியோடு சுவரோரம் நின்று சிரித்த சிரிப்பு கேத்தரினுக்கு இப்போது காதில் விழுந்தது. செவிட்டில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது.

"வாங்க ஆன்ட்டி, நேரமாச்சு" என்று சங்கமித்ரா அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

வடக்கு மதில், மூன்றாவது வரிசை, பாழுங்கிணற்றுப் பக்கத்தில் கடைசிக் குழி. இத்தனை வருஷம் கேத்தரின் அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறாள். இப்போது மண்ணைக் கூட்டி, புதுக் கருங்கல் பதித்து, ஆசீர்வாதம் என்று பெரிய எழுத்தில் வெட்டி வெள்ளைச் சாயம் தீட்டியிருந்தார்கள். சரளாம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, கல்லைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள். போதகர் ஜெபம் பண்ணினார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

டெஸ்மண்ட் ஒரு மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு அவள் பக்கம் வந்தான். "ஆன்ட்டி, உங்க தாத்தாவுக்கு இடம் தெரியலைன்னு சங்கமித்ரா சொன்னாங்க. இந்த வருஷம் பொதுச் சிலுவைகிட்ட நிக்க வேணாம். இங்கயே ஏத்துங்க. எங்க தாத்தா இன்னா, கோச்சுக்கவா போறாரு?"

கேத்தரின் சங்கமித்ராவைப் பார்த்தாள். அந்தப் பெண் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள். "மே மாசம் டீ குடிக்கும்போது சொன்னீங்களே ஆன்ட்டி. பாக்கியநாதன்னு. அதுக்குத்தான் அந்தப் பரண்ல ஏறினேன். நீங்க ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்க. இருந்தாலும் மனசு கேக்கல. முழுசா ரெண்டு வாட்டி படிச்சேன். அந்தப் பேரே இல்ல. கெடைச்சா உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

புள்ளியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். இவளே எப்சிபாளைக் கண்டுபிடித்து, ஓட்டமும் நடையுமாக வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஆன்ட்டி, உங்க தாத்தா!" என்று கத்தியிருப்பாள். கேத்தரினுக்கு அழுகை வந்தது. ரயிலில் மனப்பாடம் பண்ணிய பேச்சில் ஒரு வார்த்தை நினைவுக்கு வரவில்லை. பேசாமல் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். யாருக்கும் தெரியப் போவதில்லை. தாத்தாவோ கிடைத்துவிட்டார், வருஷாவருஷம் வந்து பூ வைக்கலாம். இன்னொருத்தன் பெயர் வெட்டிய கல்லின்மேல் வைக்க வேண்டும், அவ்வளவுதான். உயிரோடிருந்த காலமெல்லாம் அந்தப் பெயரைச் சுமந்தவர் செத்தபிறகும் சுமக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். அதுதான் அவளால் முடியவில்லை.

"அது மை இல்லம்மா" என்றாள்.

"எது ஆன்ட்டி?"

"அந்த ரெண்டு புள்ளி. வில்லை வாங்கி வேலை செஞ்சவங்களுக்கு உபதேசியார் வெக்கற அடையாளம். இது ஆசீர்வாதம் இல்ல. அவரு வில்லையை வித்துட்டுப் போயிட்டாரு. எப்சிபாள் ரெண்டாவது சம்சாரம் இல்ல. அவங்க எங்க அப்பாவோட அம்மா." கல்லைக் காட்டினாள். "இது எங்க தாத்தா."

டெஸ்மண்ட் கையில் இருந்த மெழுகுவத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான். சரளாம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். என்னடா, என்னடா என்று மகனின் சட்டையை இழுத்தாள்.

சங்கமித்ரா மட்டும் கேத்தரினின் முகத்தையே பார்த்தாள். மேஜைமேல் விரலால் எழுதிப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"நான் போட்டோ காட்டினப்பவே உங்களுக்குப் புள்ளி தெரியும்."

"தெரியும்."

"மைன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"ஏன் ஆன்ட்டி?"

பஃப்ஸ் என்று சொல்ல முடியுமா? ஜன்னலோரத்து மேஜை என்று சொல்ல முடியுமா? சங்கமித்ரா பதில் கிடைத்துவிட்டதுபோல் தலையை ஆட்டிக்கொண்டாள்.

டெஸ்மண்ட் அம்மாவின் காதருகே குனிந்து எதையோ சொன்னான். சரளாம்மா கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அப்போ எங்க தாத்தா எங்கடா?" என்று கேட்டாள். அவன் அவளை எழுப்பி நிறுத்தினான். மெழுகுவத்தியைக் கல்லின்மேல் வைத்தான், போட்ட மாலையை எடுக்கவில்லை. கேத்தரினைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது.

"தீப்பெட்டி வெச்சுக்கோங்க" என்று சங்கமித்ரா அதைக் கல்லின்மேல் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை. பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, சரளாம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் கல்லறைகளுக்கு நடுவில் மெதுவாக நடந்து பொதுச் சிலுவையடிக்குப் போனார்கள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தார்கள்.

கேத்தரின் மெழுகுவத்தியைக் கொளுத்தினாள். காற்றில் அணைந்தது, மறுபடியும் கொளுத்தினாள். தாத்தாவுக்கு முன்னால் கடைசியில் வந்து நின்றாயிற்று, பக்கத்தில் ஒருவரும் இல்லை. அங்கே சிலுவையடியில் சங்கமித்ரா சரளாம்மாவைத் தோளோடு அணைத்துக்கொண்டிருந்தாள். கிழவி அவள் மேல் சாய்ந்து அழுதாள். கேத்தரினுக்கு அந்த நேரத்திலும் அதைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருந்தது.